போட்டோக் கடைப் பையன் பிடித்த வான்முகில்கள்

வீட்டு முன்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பழைய குடும்பப் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். தாத்தா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நிற்பார். இருவர் முகத்திலும் சிரிப்பைக் காண முடியாது. அது கோபமன்று. "ஆடக்கூடாது, அசையக்கூடாது" என்று போட்டோக்காரர் போட்ட உத்தரவு! ஸ்டூடியோவின் மங்கிய வெளிச்சத்தில் ஒரு முகத்தைப் பிடிக்க அந்நாளில் பெரிய லென்ஸ் வேண்டியிருந்தது. ஆடாமல் இருக்கும் பொறுமையும் வேண்டியிருந்தது.

அப்படி ஆள் முகம் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட பழைய லென்ஸ் ஒன்றை, 1889-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து மலையுச்சியில், ஒரு மரப்பெட்டியில் பொருத்தி வானத்தை நோக்கித் திருப்பினார் ஒருவர். அவர் பள்ளிக்கூடம் போனது மொத்தம் இரண்டே மாதம். ஒன்பது வயதில் போட்டோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். பால்வழியில் விண்மீன் கூட்டங்களும் அவற்றிடையே மேகங்களும் எப்படி விரவிக் கிடக்கின்றன என்பதை உலகத்துக்குப் படமாகக் காட்டியவர் அவர்தான். எட்வர்ட் எமர்சன் பார்னார்டு என்பது அவர் பெயர்.

இன்று பல நாடுகளில், பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் வீட்டு முற்றத்தில் கருவியை நிறுத்தி வான்முகில்களைப் படமெடுக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளத்துக்காக அல்ல, ஆசைக்காக. அவர்களுக்கெல்லாம் பார்னார்டு மூத்த அண்ணன் மாதிரி. அவர் கதையையும், அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதையும், நம் வானத்தில் நாமும் செய்து பார்க்க முடியுமா என்பதையும் சொல்லவே இக்கட்டுரை.

வானத்துக்கு உள்ளே ஒரு மேகம்

அக்டோபர் மாதத்தில் அதிகாலை ஐந்து மணிக்குப் பிரட்டுக்குப் புறப்படுகிறவர்கள் தலையை நிமிர்த்தி உச்சியைப் பார்க்கட்டும். மூன்று விண்மீன்கள் நூல் பிடித்தாற்போல் ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு வடக்கே சிவந்து மின்னுவது நம் திருவாதிரை. இந்தக் கூட்டத்துக்கு மேல்நாட்டார் வைத்த பெயர் ஓரியன். அந்த மூன்றுக்கும் தெற்கே இன்னொரு சிறிய வரிசை மங்கலாகத் தெரியும். அதன் நடுவில் இருப்பது விண்மீன் போலத் தெளிவாக இராது. ஈரக் கண்ணாடி வழியாகப் பார்த்த விளக்குப்போலக் கலங்கியிருக்கும்.

அது விண்மீன் அன்று. நெபுலா என்று சொல்லப்படும் வான்முகில். மழை மேகம் போன்றதல்ல இது. பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு, கொஞ்சம் தூசி. அதற்குள்ளே புதிய விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. புதிதாய்ப் பிறந்த சூடான விண்மீன்கள் வீசும் புற ஊதாக் கதிர் பட்டு, வாயு தானே ஒளிர்கிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக ஒளிக்கே ஏறக்குறைய 24 ஆண்டு பிடிக்கும். அங்கிருந்து நம்மிடம் வந்து சேரவோ சுமார் 1,350 ஆண்டு. இன்றிரவு நம் கண்ணில் விழும் அந்த ஒளி புறப்பட்ட காலத்தில்தான் சீனத் துறவி யீஜிங் கப்பலேறிக் கெடாவில் வந்து இறங்கினார்.

இவ்வளவு பெரியது ஏன் நம் கண்ணுக்கு ஒரு புகைப்பொட்டாக மட்டும் தெரிகிறது? பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளங்கவைப்பது சுலபம். பட்டையில் கோடு கீறியதும் பால் குடம் குடமாகக் கொட்டுவதில்லை. சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். மங்கை அடியில் வைத்து விட்டுவிட்டு வரவேண்டும். அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று நிரை முழுவதும் முடித்துத் திரும்பினால் மங்கில் பால் நிற்கும். நம் கண்ணோ, ஒவ்வொரு நொடியும் பலமுறை மங்கைக் கவிழ்த்துக் கொட்டிவிடும் ஆளைப் போன்றது. ஒளி வரும், கண் பார்க்கும், உடனே விட்டுவிடும். சேர்த்து வைக்கத் தெரியாது. போட்டோத் தகட்டுக்குச் சேர்த்து வைக்கத் தெரியும். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்து ஒளி முழுவதும் அதில் தங்கும்.

இதை வான்முகிலில் முதலில் செய்து பார்த்தவர் நியூயார்க்கைச் சேர்ந்த ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர். 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து ஓரியன் வான்முகிலைப் பிடித்தார். மூன்றாண்டு கழித்து, லண்டன் புறநகரான ஈலிங்கில், சாக்கடை, சுகாதார வசதிகளை அமைக்கும் பொறியாளரான ஆண்ட்ரூ காமன் தம் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குலக் கண்ணாடியை வைத்து அதே முகிலைப் படமெடுத்தார். அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தபோது தெரியாத விண்மீன்கள் படத்தில் வந்து நின்றன! மனிதக் கண் காணாததைத் தகடு காணும் என்பது அன்றோடு உறுதியாயிற்று. இருவருக்கும் இது பிழைப்பல்ல, பொழுதுபோக்கு. ஆனால் இருவரும் கையில் காசுள்ளவர்கள். பார்னார்டு கதை அப்படியல்ல.

சூரியனைக் காவல் காத்த சிறுவன்

1857-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பார்னார்டு பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பனார் காலமாகிவிட்டார். தாய் எலிசபெத் ஒண்டியாகப் பிள்ளைகளை வளர்த்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது; ஊரில் பசி. எழுத்தும் படிப்பும் தாய் சொல்லிக் கொடுத்ததுதான்.

ஒன்பது வயதில் வான் ஸ்டாவரன் என்பவரின் போட்டோக் கடைக்கு வேலைக்குப் போனான் சிறுவன். கடையின் கூரைமேல் ஒரு பெரிய கருவி இருந்தது. சிறிய படத்தைப் பெரிதாக்கும் கருவி அது. மின்விளக்கு இல்லாத நாளாகையால் வெயிலைக் கொண்டுதான் படத்தைப் பெரிதாக்க வேண்டும். சூரியனோ ஓரிடத்தில் நிற்காது. ஆகவே கருவி சூரியனை விட்டு விலகாதபடி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே இருக்க ஓர் ஆள் தேவை. சுட்டெரிக்கும் கூரையில், நாள் முழுவதும், வேறொன்றும் செய்யாமல் இதே வேலை. முன்னே இருந்த பையன்கள் தூங்கிவிடுவார்களாம். இவன் தூங்கவில்லை. அந்தக் கருவிக்குக் கடைக்காரர் வைத்திருந்த பெயர் ஜூபிடர், அதாவது வியாழன்!

இரவில் வேலை முடிந்து நடந்து வீடு திரும்பும்போது, மஞ்சளாக ஒரு விண்மீன் நாளாக நாளாக இடம் மாறி நிற்பதைக் கவனித்தான். அது சனிக்கோள் என்று சொல்ல அவனுக்கு ஆளில்லை. பல வருடம் இப்படியே போயிற்று. பிறகொரு நாள், தெரிந்த ஒருவன் இரண்டு டாலர் கைமாற்று வாங்கிக்கொண்டு, ஈடாகப் புத்தகம் ஒன்றை வைத்துவிட்டுப் போனான். பணமும் திரும்பவில்லை, ஆளும் திரும்பவில்லை. வேண்டாவெறுப்பாகப் புத்தகத்தைத் திறந்தால், தாமஸ் டிக் எழுதிய வானநூல்; உள்ளே விண்மீன் வரைபடம்! அன்று இரவே சன்னலில் நின்று, சிறுவயது முதல் முகம் மட்டும் தெரிந்திருந்த விண்மீன்களுக்கெல்லாம் பெயர் தெரிந்துகொண்டார். வராத கடன் ஒன்று இவ்வளவு வட்டி கொடுத்தது வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில் அவர் ஐந்தங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். விலை 380 டாலர். அவருடைய வருடச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு! சம்பாதிக்கும் ஒரே பிள்ளை இப்படிச் செய்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 'புத்தி கெட்டுப்போச்சா?' என்ற கேள்வி அக்கம்பக்கம் முழுவதும் கேட்கும். அந்தத் தாய் என்ன சொன்னாரோ, தொலைநோக்கி வீட்டுக்கு வந்தது.

1877-ஆம் ஆண்டில் அறிவியலாளர் மாநாடு ஒன்று நாஷ்வில்லிலேயே கூடியது. பெரிய வானியல் அறிஞர் சைமன் நியூகோம்பைப் பார்த்து, நான் என்ன செய்யலாம் என்று கேட்டார் பார்னார்டு. கணிதம் தெரியுமா என்று அவர் திருப்பிக் கேட்டார். தெரியாது. அப்படியானால் கணிதம் கற்றுக்கொள், இல்லையேல் வால் நட்சத்திரம் தேடு என்பது போல் பதில் வந்தது. இளைஞர் ஒதுங்கிப் போய் அழுதாராம். அழுது முடித்து, கணிதம் கற்க ஆள் வைத்துக்கொண்டார். வால் நட்சத்திரமும் தேடினார்.

தேடலில் ஒரு லாபமும் இருந்தது. வார்னர் என்ற செல்வர், புதிய வால் நட்சத்திரம் கண்டுபிடிக்கும் ஒவ்வொருவருக்கும் 200 டாலர் பரிசு அறிவித்திருந்தார். 1881-இல் ரோடா கால்வர்ட் என்ற பெண்ணை மணந்த பார்னார்டு, கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சிறு வீடு கட்டினார். தவணை வரும் நேரமாகப் பார்த்து ஒரு வால் நட்சத்திரம் வந்து சேரும். பரிசுப் பணத்தில் தவணை கட்டப்படும். ஊரார் அதை 'வால் நட்சத்திர வீடு' என்றே அழைத்தார்கள்.

ஏறத்தாழ 17 ஆண்டு உழைத்த போட்டோக் கடையை விட்டு, 1883-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். 1888-இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கேதான் அந்தப் பழைய ஆறங்குல முகப்பட லென்ஸ் அவர் கைக்குக் கிடைத்தது.

அதை வைத்து எப்படி எடுத்தார் என்பதைக் கேளுங்கள். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்கின்றன. இரண்டே நிமிடத்தில் நிலவின் அகலம் அளவுக்கு வானம் நகர்ந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேலும் தகட்டைத் திறந்து வைக்க வேண்டுமானால், அத்தனை நேரமும் கருவி அதே விண்மீனை நோக்கியே இருக்க வேண்டும். கருவியைத் திருப்பக் கடிகாரப் பொறி உண்டு. ஆனால் அது பிசகும். ஆகவே பக்கத்துச் சிறு தொலைநோக்கியில் கண்ணை வைத்து, குறுக்கு நூலில் ஒரு விண்மீனை நிறுத்தி, அது இம்மி விலகினாலும் திருகைத் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இருட்டில், குளிரில், தனியாக.

ஒன்பது வயதிலிருந்து கூரைமேல் நின்று சூரியனைத் தொடர்ந்து திருப்பிய கை அது. அந்த வேலைக்கு அவரைவிடத் தகுந்த ஆளை எந்தக் கல்லூரியும் தயார் செய்திருக்க முடியாது என்பேன்.

1894-இல் அவர் இன்னொரு வேடிக்கை செய்தார். கண்ணாடிச் சில்லுப் படங்களைத் திரையில் காட்டும் விளக்குக் கருவியிலிருந்த ஒன்றரை அங்குல லென்ஸைக் கழற்றி, ஓரியன் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். விண்மீன் கூட்டத்தையே பாதி வளைத்துக்கொண்டு ஒரு பெரும் ஒளி வளையம் படத்தில் வந்தது. இருபது நிலவுகளை வரிசையாக அடுக்கினாற்போன்ற அகலம். 1889-இல் வில்லியம் பிக்கரிங் என்பவரும் இதைப் படமெடுத்திருந்தார். ஆனால் இன்று அதற்குப் 'பார்னார்டு வளையம்' என்றே பெயர். பெரிய தொலைநோக்கிகள் வானத்தின் சிறு மூலையைத்தான் பார்க்கும். அவற்றின் பார்வைக்குள் இவ்வளவு பெரியது அடங்காது. சின்ன லென்ஸுக்குத்தான் அது அகப்பட்டது.

வீட்டு வேலைக்காரி கண்ட குதிரைத் தலை

அந்த ஓரியன் கூட்டத்திலேயே, மூன்று விண்மீன் வரிசையின் ஓரத்தில், செந்நிறத் திரைக்கு முன்னால் கறுப்பாகக் குதிரைத் தலை ஒன்று நிற்கும். வான்முகில் படமெடுக்கும் எல்லாரும் ஒருநாள் அதைப் பிடித்துவிட ஆசைப்படுவார்கள். அதை முதலில் கண்டவர் யார் தெரியுமா? வில்லியமினா பிளெமிங். பார்னார்டு பிறந்த அதே 1857-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கணவனோடு அமெரிக்கா வந்து, வயிற்றில் பிள்ளையோடு கைவிடப்பட்டு, வீட்டு வேலைக்குப் போன பெண். அவர் வேலை செய்த வீடு ஹார்வர்டு வானாய்வுக்கூடத் தலைவர் எட்வர்ட் பிக்கரிங்கினுடையது. அவர் அறிவைக் கண்ட பிக்கரிங் 1881-இல் ஆய்வுக்கூடத்திலேயே வேலை கொடுத்தார். 1888 பிப்ரவரியில் எடுக்கப்பட்ட ஒரு தகட்டைச் சோதித்தபோது, அந்தக் கறுப்பு வளைவைக் கண்டு குறித்து வைத்தார் பிளெமிங். பிறகு வெளிவந்த பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிக்கரிங் என்றுதான் போட்டிருந்தார்கள். செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு! இந்தக் கதை நம்மவர்க்குப் புதிதல்ல. இப்போது அந்தப் பெருமை அவருக்கே திரும்பிவிட்டது.

குதிரைத் தலை ஏன் கறுப்பு? அந்நாளில் இத்தகைய கறுப்பு இடங்களை வானத்தில் விழுந்த ஓட்டை என்றே பலர் எண்ணினர். பார்னார்டும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணிவந்தார். 1913-ஆம் ஆண்டுக் கோடையில், நிலவில்லாத தெளிந்த இரவொன்றில், யெர்க்கிஸ் வானாய்வுக்கூடத்தில் பால்வழியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். சிறுசிறு மேகத் துண்டுகள் பால்வழியின் குறுக்கே வந்தன. பளிச்சிடும் விண்மீன் கூட்டத்தின் முன் அந்த மேகங்கள் கரிக்கட்டி போல் கறுப்பாக நின்றன. அவர் தகடுகளில் பல வருடமாகப் பார்த்துவந்த அதே கறுப்பு! அப்படியானால் அங்கேயும் ஓட்டை இல்லை. ஒளியை மறைக்கும் பொருள் இருக்கிறது. இப்போது நமக்குத் தெரியும், அது தூசி. 1919-இல் இத்தகைய 182 கருமுகில்களை அவர் பட்டியலிட்டார். குதிரைத் தலைக்கு அதில் 33-ஆம் எண்.

அவருடைய பால்வழிப் படத்தொகுதி 1927-இல்தான் வெளிவந்தது. 700 பிரதிகள். ஒவ்வொன்றிலும் அச்சுப்படமில்லை, உண்மையான போட்டோக்களே ஒட்டப்பட்டிருந்தன. முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தாமே பார்த்துத் தேறியவற்றை அனுப்பினார். போட்டோக் கடைப் பையன் அல்லவா! புத்தகத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1923-இல் மறைந்துவிட்டார். மனைவியின் உறவுப்பெண் மேரி கால்வர்ட்டும், ஆய்வுக்கூடத் தலைவர் எட்வின் பிராஸ்டும் அதை முடித்து வெளியிட்டார்கள்.

இந்தப் பக்கத்துக்கும் அவர் ஒருமுறை வந்திருக்கிறார். 1901 மே மாதம் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம். அமெரிக்கக் குழுவோடு பார்னார்டு நம் மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்திராவின் மேற்குப் பக்கத்துச் சோலோக் ஊருக்கு வந்து கருவிகளை நிறுத்தினார். பாதி உலகத்தைச் சுற்றி வந்த மனிதருக்கு நம் பக்கத்து வானம் என்ன செய்தது? மேகத்தைப் போட்டு மூடிவிட்டது! நம் மழையையும் மேகத்தையும் சபிக்கிற வான்ரசிகர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

ஆண்ட்ரோமீடாவின் பக்கத்தில் ஒரு நீல வில்

தகடு போய்ப் படச்சுருள் வந்தது. 1970, 80-களில் ஆர்வலர்கள் படச்சுருளை வாயுவில் ஊறவைத்துச் சூடுகாட்டி அதன் திறனைக் கூட்டினார்கள். அது ஒரு தனிச் சமையற்கலை! இப்போது மின்னணுக் கமிரா. படச்சுருளில் விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கே படமாயிற்று. இன்றைய கமிராவில் பெரும்பங்கு படமாகிறது. அதனால் பார்னார்டு மலையுச்சியில் செய்ததை ஆர்வலர் ஒருவர் வீட்டுக் கொல்லையில் செய்ய முடிகிறது.

செய்து காட்டியும் இருக்கிறார்கள். 2004 ஜனவரியில், கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஜே மெக்நீல் என்ற ஆர்வலர், மூன்றங்குலத் தொலைநோக்கியால் எடுத்த படத்தில் முன்பு இல்லாத ஒரு சிறு முகிலைக் கண்டார். இளம் விண்மீன் ஒன்று திடீரென்று பிரகாசித்து, தன்னைச் சூழ்ந்த தூசியை ஒளிரச் செய்திருந்தது. உலகின் பெருந் தொலைநோக்கிகள் அந்த மூன்றங்குலத்தைப் பின்தொடர்ந்து திரும்பின.

அதைவிட வியப்பு 2022-இல் நடந்தது. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் பல்லாயிரம் பேர் படமெடுத்துப் பழகிய ஒன்று. புதிதாக அங்கே என்ன இருக்கப்போகிறது? பிரான்சு நாட்டு யான் செயிண்டி நான்கங்குல அளவுள்ள சிறு தொலைநோக்கியால் இரவிரவாக அதை எடுத்தார். ஆக்சிஜன் வாயு வீசும் ஒளியை மட்டும் விடும் வடிகண்ணாடியையும் போட்டு எடுத்தார். நூறு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்த படத்தில், ஆண்ட்ரோமீடாவுக்கு அருகே, மூன்று நிலவு நீளத்துக்கு நீல வில் ஒன்று தெரிந்தது. சேவியர் ஸ்ட்ராட்னர், ஜெர்மனியின் மார்செல் டிரெக்ஸ்லர் ஆகியோரோடு சேர்ந்து, முதலில் கருவிக் கோளாறோ என்று பல வகையில் சோதித்தார்கள். கோளாறில்லை. ஆராய்ச்சியாளரும் சேர, 2023 ஜனவரியில் செய்தி அறிவியல் ஏட்டில் வெளிவந்தது. கிரீன்விச் வானாய்வுக்கூடம் நடத்தும் படப்போட்டியில் அவ்வாண்டு முதற் பரிசும் அந்தப் படத்துக்கே. அவ்வளவு மங்கலான ஒன்றுக்கு அத்தனை மணி நேரம் செலவிடப் பெரிய ஆய்வுக்கூடங்களில் யாருக்கும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆர்வலரிடமோ நேரம் இருந்தது.

நம் பிள்ளைகள் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் நிறையச் செலவு செய்தால்தான் முடியும் என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள். விண்மீனைத் தொடர்ந்து தானே திரும்பும் தாங்கி ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும். அது பிறகு வரட்டும். லென்ஸ் மாற்றக்கூடிய பழைய மின்னணுக் கமிரா ஒன்று, 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஆடாத முக்காலி, இவை போதும் தொடங்க. கல்யாண வீடுகளில் படமெடுக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் எல்லாக் குடும்பத்திலும் இருப்பான். அவனிடம் இரவல் கேளுங்கள்.

லென்ஸை நன்றாகத் திறந்து, ஓரியனை நோக்கி, ஐந்து நொடிப் படம் ஒன்று எடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் போனால் விண்மீன் புள்ளி கோடாகிவிடும். ஒரு படத்தில் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. பொறிப்பொறியாகப் புள்ளிகள்தான் மண்டிக் கிடக்கும். கவலை வேண்டாம். அதே இடத்தை இருநூறு முறை எடுங்கள். நகர நகரச் சட்டத்துக்குள் மீண்டும் கொண்டுவந்து எடுங்கள். மொத்தம் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஒளி சேர்ந்துவிட்டது. இருநூறு மங்குப் பாலை ஒரு வாளியில் ஊற்றுவதுபோல, அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்க்கக் கணினி நிரல்கள் உண்டு. 'சிரில்', 'டீப் ஸ்கை ஸ்டேக்கர்' இரண்டும் இலவசம். படங்கள் நான்கு மடங்கானால் அந்தப் பொறிப்புள்ளிகள் பாதியாகக் குறையும். முகில் மெல்ல மேலெழும். லென்ஸை மூடியால் மூடியும் இருபது படம் எடுத்துவையுங்கள். கமிரா தானாகப் போடும் கறையைக் கழிக்க அது உதவும்.

கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தது படத்தில் சிவப்பாக வருகிறதே, சாயமா என்று கேட்பார்கள். சாயமில்லை. ஹைட்ரஜன் வாயு வீசும் ஒளியே சிவப்பு. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் நிறமறியும் பகுதி உறங்கிவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கடையில் விற்கும் கமிராவும் அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். தேர்ந்தவர்கள் உள்ளே இருக்கும் அந்தத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். வேண்டுமென்றே தங்கமும் நீலமுமாக நிறம் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. வாயுக்களைப் பிரித்தறிய ஆராய்ச்சிக்காரருக்கு அது வசதி. மற்றப்படி எனக்கு அதில் அத்தனை பிரியமில்லை.

நம் நாட்டுக்கென்று சில தொல்லைகள் உண்டு. வடதுருவ விண்மீனைப் பார்த்துத்தான் தாங்கியை நேர்ப்படுத்த வேண்டும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். கோலாலம்பூரில் அது அடிவானத்துக்கு மூன்று பாகை உயரத்தில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்; திசைகாட்டியை நம்புவதே மேல். பனி லென்ஸில் படியும். ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் மணிப் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் லென்ஸை வைத்திருங்கள். நடுநிசியில் செம்பனைச் சாலையில் முக்காலியோடு நின்றால் யாரும் சந்தேகப்படுவார்கள். ஜாகாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். பாம்புக்கு வானசாஸ்திரம் தெரியாது. கைவிளக்கில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டால் கண் கூசாது.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை வெளிச்சம். 2016-இல் வெளிவந்த உலக ஒளிமாசு ஆய்வு, சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. அங்கு இரவு வானம் எவ்வளவு பிரகாசமென்றால், மனிதக் கண் முழு இருட்டுக்குப் பழகவே வாய்ப்பில்லையாம். பட்டணத்தில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ஹைட்ரஜன் சிவப்பை மட்டும் விடும் வடிகண்ணாடி தெருவிளக்கின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், அதைப் போட்டு மாடியிலிருந்தே எடுக்கிறார்கள். அது விலை கூடியது. தோட்டத்து மக்களுக்கோ இருட்டு சும்மா கிடைக்கிறது. லயத்து விளக்கும் ஆலை விளக்கும் தெரியாத நிரைக்குள் பத்து நிமிடம் நின்றாலே வித்தியாசம் புரியும். லயத்துக்கு முன்னால் புதிய விளக்குக் கம்பம் போடுகிறார்கள் என்றால், கீழ்நோக்கி மூடிய விளக்காகக் கேளுங்கள். பாதைக்கும் வெளிச்சம் கூடுதல், வானமும் பிழைக்கும்.

ஓரியன் பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு உச்சிக்கு வரும். தைப்பூசத்தன்று முயல வேண்டாம், அன்று முழு நிலவு. தை அமாவாசைதான் நல்ல நாள். மேற்குக் கரையில் அப்போது மழையும் சற்று ஓய்ந்திருக்கும். கிழக்குக் கரையில் இருப்பவர்கள் மார்ச்சு வரை பொறுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே திரும்பி, தென் சிலுவைக்கு வலப்புறம் பாருங்கள். ஓரியன் முகிலைவிடப் பெரிதாக, பிரகாசமாக ஒன்று அங்கே இருக்கிறது. கரீனா வான்முகில் என்று பெயர். பார்னார்டின் லிக் மலையிலிருந்து அது ஒருபோதும் தெரியாது; அடிவானத்துக்குக் கீழேயே கிடக்கும். நம் தோட்டத்துத் திடலிலிருந்து தெரியும்.